பழைய பீட்டிலில் ஹீட்டரைத் திறந்தால் புகை வாடை: எதை மாற்றுவது?

வாசகர் ஒருவரின் கேள்வி: “1967 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருக்கிறேன். ஹீட்டரைத் திறந்தால் சூடு குறைவு, புகை வாடை அதிகம். ஹீட் எக்ஸ்சேஞ்சரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றச் சொல்கிறார் பாகம் விற்பவர். மாற்றலாமா? எது பொருந்தும்?”

முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். பீட்டிலில் எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி ஒரு தகரக் கூடு இருக்கும்; இரண்டும் சேர்ந்ததுதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். ஃபேன் தள்ளும் காற்று அந்த இடைவெளியில் ஓடிச் சூடேறி, கதவுக்குக் கீழே உள்ள பாதை வழியாக உள்ளே வருகிறது. கூட்டுக்குள் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், நீங்கள் சுவாசிப்பது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. அதற்கு மணம் கிடையாது. வாடை வருவது உங்கள் அதிர்ஷ்டம்.

ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. கழற்றிய பாகத்தில் எக்ஸாஸ்ட் குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனை வழியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். கூட்டிலிருந்து சொட்டினால் அந்தப் பாகம் முடிந்தது. சொட்டவில்லை என்றால் சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடத்துக் கேஸ்கட்டையும், என்ஜின் அறையைச் சுற்றிய ரப்பர் சீலையும் பாருங்கள். ஃபேன் அந்த அறைக் காற்றைத்தான் இழுக்கிறது. சீல் போயிருந்தால் கீழே கசியும் புகையும் சேர்ந்து வரும்.

இப்போது பொருத்தம். “என்ன வருஷ வண்டி?” என்று மட்டும் கேட்டு விலை சொல்பவரிடம் வாங்காதீர்கள். இந்த வண்டிகளில் பலவற்றில் என்ஜின் எப்போதோ மாறியிருக்கும். எனக்கே ஒருமுறை “எல்லாத்துக்கும் பொருந்தும்” என்று ஒரு ஜோடியைத் தலையில் கட்டினார்கள். குழாய் முனை ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. பட்டியல் அச்சடிப்பவர்களுக்கும் இதில் அக்கறை இல்லை. பத்துப் பதினைந்து வருஷ மாடல்களை ஒரே வரியில் அடக்கிவிடுகிறார்கள். என்ஜின் எண்ணைப் பார்த்து, பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1963 மாடலுக்கு முந்தைய என்ஜின்களில் சிலிண்டர்களைக் குளிர்வித்த காற்றே சூடாகி உள்ளே வந்தது. எண்ணெய் வாடையும் கூடவே வந்தது. அதன் பிறகு ஃபேன் கூட்டிலிருந்து இரண்டு பெரிய ஹோஸ்கள் நேராக ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகின்றன. உங்கள் வண்டியில் அந்த ஹோஸ்கள் இருக்க வேண்டும். இல்லை என்றால் யாரோ பழைய என்ஜினையோ பழைய ஃபேன் கூட்டையோ போட்டிருக்கிறார்கள். அதில் புது வகை எக்ஸ்சேஞ்சரை மாட்டினால், ஹோஸ் சேர வேண்டிய வாய் இணைப்பே இல்லாமல் திறந்து நிற்கும்.

ஸ்டெயின்லெஸ் துருவைத் தாங்கும், அவ்வளவுதான். சூடு வருவது உள்ளே குழாயைச் சுற்றிய அலுமினியத் தகடுகளால். டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள்: நல்ல பாகத்தில் சீப்புப் பற்கள் போல நெருக்கமாகத் தெரியும், கையில் எடுத்தால் கனக்கும். மலிவானதில் வெறும் குழாயும் மினுக்குத் தகரமும்தான்.

மாற்றியதும் என்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரைத் திறந்து, கார்பன் மோனாக்சைடு அளவுக் கருவியை முன் சீட்டில் வையுங்கள். ஆய்வுக்குப் போனாலும் பெரும்பாலும் கருவியை வால்குழாயில்தான் செருகுகிறார்கள். உள்ளே உட்காருபவர் என்ன சுவாசிக்கிறார் என்று பார்ப்பதில்லை. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.