ஜப்பானியர்கள் கெட்ட ஆவிகளையும் தெய்வமாக வணங்குகிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். ஆனால் நல்லது தெய்வம், கெட்டது பேய் என்ற பாகுபாட்டோடு ஜப்பானியத் தொன்மத்துக்குள் நுழைந்தால் தொடக்கத்திலேயே குழப்பம் வந்துவிடும். கி.பி. 712இல் தொகுக்கப்பட்ட தொன்ம நூலான கொஜிகியில், சூரிய தேவி அமத்தெரசுவின் தம்பியான சுசானோ, அக்காளின் வயல் வரப்புகளை உடைத்ததோடு நில்லாமல், தோலுரித்த குதிரை ஒன்றை அவளுடைய நெசவுக்கூடத்தின் கூரை வழியாக உள்ளே எறிகிறான். அவள் குகைக்குள் ஒளிந்துகொள்ள, உலகமே இருளில் மூழ்குகிறது. பிறகு இசுமோவில் எட்டுத் தலைப் பாம்பைக் கொன்று ஒரு பெண்ணைக் காப்பாற்றுபவனும் இதே சுசானோதான். வழக்கத்தை மீறிய ஆற்றலால் மனிதரை மலைக்கவைக்கும் எதுவும், அது கொடியதே ஆனாலும், தெய்வம்தான் என்று 18ஆம் நூற்றாண்டு அறிஞர் மொதோஓரி நொரினாகா எழுதினார். என் பார்வையில், ஓர் ஆற்றலுக்கு உரிய மரியாதை செய்து அமைதிப்படுத்தியாயிற்றா, இல்லையா என்பதே அங்கு முதன்மையான கேள்வி.

இதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று சுகவாரா நோ மிச்சிசானே. 845இல் பிறந்த இவர் வரலாற்று மனிதர்; சீனக் கவிதையில் தேர்ந்த புலவர்; பெருங்குடிப் பிறப்பு இல்லாமல் படிப்பாலேயே ‘வலது அமைச்சர்’ என்னும் அரசவையின் உயர்பதவிவரை உயர்ந்தவர். அதைப் பொறுக்காத இடது அமைச்சர் ஃபுஜிவாரா நோ தொக்கிஹிரா, மிச்சிசானே தம் மருமகனான இளவரசரை அரியணை ஏற்றச் சதி செய்கிறார் என்று பேரரசர் தைகோவிடம் பழி சுமத்தியதால், 901இல் தலைநகரிலிருந்து வெகு தொலைவில் கியூஷு தீவில் உள்ள தசைஃபுவுக்கு அனுப்பப்பட்டு, இரண்டே ஆண்டுகளில் அங்கேயே இறந்துபோனார்.

அடுத்து நடந்தவைதான் அரசவையை நடுங்கவைத்தன. 909இல் தொக்கிஹிரா நாற்பது வயதைத் தொடுமுன் இறந்தார். 923இல் பட்டத்து இளவரசர் இறந்தார். அதே ஆண்டில் மிச்சிசானேவுக்குப் பழைய பதவியைத் திருப்பிக் கொடுத்தும் பலனில்லை. 930இல் மழையில்லாக் கொடுமையைப் பற்றிப் பேசப் பெரியவர்கள் அரண்மனையில் கூடியிருந்தபோது கருமேகம் திரண்டு, பேரரசரின் இருப்பிடமான செய்ர்யோதென் மண்டபத்தின் மீதே இடி விழுந்தது. ஃபுஜிவாரா நோ கியோத்சுரா ஆடை தீப்பற்றி, மார்பு பிளந்து அங்கேயே மாண்டார். வேறொருவருக்கு முகம் கருகியது. அதைக் கண்ட தைகோ நோயில் விழுந்து, அவ்வாண்டே பதவி துறந்து இறந்தார். இவை தற்செயல் என்று இன்று நாம் சொல்லிவிடலாம். குற்ற உணர்ச்சியோடு வாழ்ந்த ஓர் அரசவைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள முடிந்திருக்காது.

எல்லாம் மிச்சிசானேவின் ஆவியின் சினம் என்று அஞ்சியவர்கள் மந்திரவாதியை வைத்து அவரை விரட்டவில்லை, கோயில் கட்டினார்கள். 947இல் கியோட்டோவின் வடபுறத்தில் கித்தானோ ஆலயம் எழுந்தது; 993இல், இறந்து தொண்ணூறு ஆண்டுகள் ஆன மனிதருக்கு நாட்டின் மிக உயர்ந்த அமைச்சர் பதவி வழங்கப்பட்டது. இடியை ஏவும் தெஞ்சினாக, அதாவது வானத் தெய்வமாக, அஞ்சப்பட்டவர், காலப்போக்கில் சீற்றம் மறக்கப்பட்டுக் கல்விக் கடவுளானார். இன்று நுழைவுத்தேர்வுக் காலத்தில் தசைஃபு ஆலயத்திலும் டோக்கியோவின் யுஷிமா ஆலயத்திலும், சேர விரும்பும் பள்ளி, கல்லூரியின் பெயரை எழுதிய சிறு மரப்பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும். ஆலய வளாகங்களில் படுத்திருக்கும் எருதுச் சிலையின் தலையைத் தடவினால் அறிவு வளரும் என்பது நம்பிக்கை; அவருடைய உடலை ஏற்றிச் சென்ற வண்டியின் எருது நகர மறுத்துப் படுத்த இடத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள் என்கிறது கதை.

எல்லாச் சீற்றமும் இப்படிக் கனிந்துவிடுவதில்லை. அரசை எதிர்த்துக் கிளர்ந்து 940இல் கொல்லப்பட்ட தைரா நோ மசகாதோ, டோக்கியோவின் கந்தா ஆலயத்தில் தெய்வமாக இருந்தார். பேரரசரின் பகைவர் என்ற காரணத்தால் 1874இல் முதன்மைத் தெய்வங்களின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டு, 1984இல்தான் மறுபடி சேர்க்கப்பட்டார். அவருடைய தலை புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இடம் டோக்கியோவின் ஓத்தெமாச்சிப் பகுதியில் உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறது. 1923 நிலநடுக்கத்துக்குப் பின் அங்கே நிதியமைச்சகம் தற்காலிகக் கட்டடம் எழுப்ப, அமைச்சரும் அலுவலர் சிலரும் அடுத்தடுத்து இறந்ததை மசகாதோவின் சினமாகவே ஊர் பேசியது. நிலத்தின் விலை எவ்வளவோ ஏறியும், அந்த இடம் இன்றுவரை நினைவிடமாகவே விடப்பட்டிருக்கிறது.