உப்பு யார் கணக்கில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் ஒரு சாய ஆலையில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். புதிதாகப் பொறுப்பேற்ற இளைய முதலாளி கூரையில் சோலார் போட்டார், மரக்கன்று நட்டார், சுற்றுச்சூழல் குழு அமைத்து என்னைத் தலைவராக்கிவிட்டார். எங்கிருந்து தொடங்குவது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சோலார் இருக்கட்டும், கரண்ட் பில்லாவது குறையும். ஆனால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது கரண்டுக்காக அல்ல, நொய்யல் ஆற்றில் கலந்த கழிவுநீருக்காக. அதில் தீராத தலைவலி, சாயம் துணியில் ஏறுவதற்காகப் போடும் உப்பு.

500 கிலோ துணிக்கு லிக்கர் ரேஷியோ (துணிக்கும் சாயத் தண்ணீருக்கும் உள்ள விகிதம்) 1:8 என்றால் 4,000 லிட்டர் தண்ணீர். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் 240 கிலோ. அது துணியில் தங்காது. கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ. தண்ணீரைத்தான் மீட்கும், உப்பு ரிஜெக்டோடு (மிஞ்சும் உப்புநீரோடு) எவாப்பரேட்டருக்குப் போகும், வற்றவைக்க விறகு எரியும். 1:6 என்றால் 180 கிலோ போதும். அதற்கென வடிவமைக்காத சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷினில் இதைச் செய்யாதீர்கள்: பம்ப் காற்றை இழுக்கும், துணி ஓட்டம் தடுமாறும், சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அரை லோடு ஓட்டுவதும் ரேஷியோவை ஏற்றிவிடும். சின்ன ஆர்டரை அவசரமாக வாங்கிவரும் மார்க்கெட்டிங்காரருக்கு இது தெரியவே தெரியாது.

நிறம் சரியாக வராத துணிக்கு மறுசாயம் போடுவது இன்னும் மோசம். நிறத்தை உரிக்க ஹைட்ரோ, காஸ்டிக் என்று ரசாயனங்கள், பிறகு மறுபடி முழு உப்பு. ஷேடு வெளுக்க ஒரு வழக்கமான காரணம், பிளீச்சிங்குக்குப் பின் பெராக்சைடு மிச்சமிருப்பது. அது ரியாக்டிவ் சாயத்தைச் சிதைக்கும். அந்த மிச்சத்தை அழிக்கும் என்சைம் போட்டபின் டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பார்க்காமல் சாயம் ஏற்ற விடாதீர்கள்.

இதெல்லாம் உங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். பிறகு ஏன் நடப்பதில்லை? சுத்திகரிப்புச் செலவு தனிக் கணக்கில் கிடக்கிறது; சாயக்கூடத்துக்குத் தண்ணீரும் உப்பும் மலிவு. இளைய முதலாளியிடம் கேட்க வேண்டியது மரக்கன்று அல்ல, இந்தக் கணக்கை மாற்றும் அதிகாரம். ஒவ்வொரு மெஷின் வடிகாலிலும் தண்ணீர் மீட்டரும், கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் வையுங்கள். சுத்திகரிப்புச் செலவை அந்தந்த லாட்டின் (ஒரு தடவை சாயமேற்றும் துணியின்) தலையில் எழுதுங்கள். லிட்டர் கணக்கு மட்டும் போதாது. தண்ணீரைக் குறைத்து உப்பை அள்ளிக் கொட்டுபவர் அதில் நல்ல பிள்ளையாகத் தெரிவார். மறுசாயச் செலவு தவறு நேர்ந்த பிரிவுக்கு. அரை லோடால் கூடும் செலவு மார்க்கெட்டிங்குக்கு. முதல் மாதம் சண்டை வரும், வரட்டும்.

கொள்முதல் பிரிவையும் குழுவில் சேருங்கள். கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) ஓடும் ஆலையில், விலை குறைவு என்று நடுவில் சாதா உப்பு இறக்கினால் எவாப்பரேட்டரில் இரண்டும் கலந்துவிடும். தனியாக இருந்தால் படிகமாக்கித் திரும்பச் சாயத்துக்கே எடுக்கலாம். கலந்ததைப் பிரிப்பது பெரும்பாடு, மூட்டை மூட்டையாகக் கொட்டகையில்தான் அடுக்க வேண்டும்.