ரத்தக்கட்டுதான் என்று அனுப்பிவிட்டார்கள், வழக்குப் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்குத் தொடை இடுக்கு வழியாக ஆஞ்சியோகிராம் செய்தார்கள். மூன்றாம் நாள் அந்த இடம் வீங்கி, தொட்டால் நாடி மாதிரி துடித்தது. திரும்பப் போய்க் காட்டினோம், ரத்தக்கட்டுதான், போய்விடும் என்று அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்து வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தால் சூடோஅனூரிசமாம், ஆபரேஷன் வரை போய்விட்டது. ரத்தக்குழாயைக் கிழித்ததற்கு வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் கிழித்ததற்காக அல்ல. தமனியில் துளை போடாமல் இந்தச் சோதனையே கிடையாது. சோதனைக்காக உள்ளே விட்ட மெல்லிய குழாயை எடுத்த பிறகு துளை சரியாக மூடாவிட்டால், ரத்தம் கசிந்து பக்கத்துச் சதைக்குள் பை மாதிரி தேங்கி நிற்கும், அதுதான் சூடோஅனூரிசம். தமனிச் சுவரே உப்பினால்தான் அசல் அனூரிசம். இதில் சுவர் உப்பவில்லை, அதனால்தான் சூடோ, அதாவது பொய் என்று பெயர். தேர்ந்த கைகளிலும் இது நடக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக. அப்பா கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில் இந்த ஆபத்து எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் நீட்டும்.

உங்கள் வழக்கு மூன்றாம் நாளில் இருக்கிறது. துளை போட்ட இடத்தில் துடிக்கிற வீக்கம் என்றால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதுதான் முறை. 1957-இல் இங்கிலாந்தில் வந்த போலம் தீர்ப்பின்படி, பொறுப்பான மருத்துவர்களில் ஒரு சாரார் ஏற்கிற முறையில் நடந்திருந்தால் அது அலட்சியம் ஆகாது. பல நாட்டு நீதிமன்றங்கள் இன்றும் இந்த அளவுகோலைத்தான் கையில் எடுக்கின்றன. சரி, இங்கே ஸ்கேன் இல்லாமல் அனுப்பியதை எந்த மருத்துவர் கூண்டில் ஏறி நியாயப்படுத்துவார்?

அப்புறம் இன்னொரு படி இருக்கிறது, பல வழக்குகள் அங்கேதான் சறுக்குகின்றன. அன்றே கண்டுபிடித்திருந்தால் என்ன மாறியிருக்கும்? சிறியதாக இருந்தால் ஸ்கேன் பார்த்தபடியே அழுத்திப் பிடித்தோ, ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பின் ஊசி போட்டோ பெரும்பாலும் அடைத்துவிடலாம், கத்தி தேவைப்படாது. இதை ரத்தநாள அறுவை நிபுணர் ஒருவர் எழுத்தில் சொல்ல வேண்டும், நானோ நீங்களோ சொன்னால் எடுபடாது.

அதனால் கோபக் கடிதம் எழுதும் முன் பதிவேடுகளின் நகல் வாங்குங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரி, நர்ஸ் குறிப்பு, கொடுத்த மருந்துகளின் பட்டியல், வீக்கத்தின் அளவு உள்ள ஸ்கேன் அறிக்கை. முக்கியமாக மூன்றாம் நாள் சீட்டு. அதில் "துடிப்பு" என்ற ஒரு வார்த்தை இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் வீக்கத்தை யாராவது போனில் படம் எடுத்தார்களா, யாருக்காவது மெசேஜ் அனுப்பினீர்களா என்று தேடுங்கள், தேதியோடு கிடைக்கும். வழக்குப் போடும் காலக்கெடு நாட்டுக்கு நாடு வேறு, அதை இந்த வாரமே உள்ளூர் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.