டொக்கென்று வைத்த கோப்பை

அன்புள்ள சார்,

ஹாங்காங் சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை நம்பி ஏமாந்தவன் எழுதுகிறேன். சென்ற மாதம் அலுவலக வேலையாக நான்கு பேர் போயிருந்தோம். சென்ட்ரல் பகுதியில், மதியம் ஒரு மணிக்கு ஒரு கண்டோனீஸ் (தென்சீன) உணவகத்துக்குப் போனோம். வாங்க என்று சொல்லக்கூட ஆள் இல்லை. இரண்டு பெரியவர்கள் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜையைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். பரிமாறிய அம்மா கோப்பைகளை டொக்கென்று வைத்துவிட்டுப் போனார். நாங்கள் கேட்காத டீக்குத் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் இருந்தது. மீன் முள்ளருகே வேகவே இல்லை, காரமும் கிடையாது. எங்களில் ஒருவர் பன்றி சாப்பிடாதவர். அவர் வெறும் சோறும் கீரையும் தின்றார். கடைசி வாய் உள்ளே போவதற்குள் தட்டை எடுத்துவிட்டார்கள். இந்தியர்கள் என்பதால்தான் இப்படியா என்று இன்னும் உறுத்துகிறது. இதையா அவ்வளவு புகழ்ந்தீர்கள்?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

உறுத்தலுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஹாங்காங்கில் தெற்காசியர்கள் மீது பாகுபாடே கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே வாடகைக்கு வீடு தேடிய இந்தியர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இனப் பாகுபாட்டுக்கு எதிராக 2008இல் ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் நீங்கள் பட்டியலிட்டிருப்பது அந்த ரகம் இல்லை. உங்கள் மேஜையில் இருந்த அந்த இரண்டு பெரியவர்களுக்கும் கோப்பை டொக்கென்றுதான் வந்திருக்கும். அவர்கள் அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள்.

நீங்கள் போன நேரத்தைப் பாருங்கள். சென்ட்ரலில் மதியம் ஒரு மணி என்றால் வங்கிக்காரர்களும் வக்கீல்களும் கடைப் பெண்களும் கட்டட வேலைக்காரர்களும் ஒரே சமயத்தில் தெருவுக்கு வரும் வேளை. சதுர அடிக்கு அங்கே கொடுக்கும் வாடகைக்கு, ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தால் முதலாளிக்கு வயிறு எரியும். அதனால் தெரியாதவர்களோடு மேஜையைப் பகிர்ந்துகொள்வது சாதாரணம். ‘தாப் தோய்’ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. ஒரே மேஜையில் உட்கார்ந்தாலும் பேசவேண்டிய கட்டாயமில்லை, அவரவர் சாப்பாடு, அவரவர் பில். நம் ஊர் மெஸ்ஸில் சாப்பிடுகிறவரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மனிதர் எப்போது மோருக்கு வருவார் என்று இலையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்தானே? கூச்சம் மெஸ்ஸில் விட்டுப்போனால் ஹாங்காங்கிலும் விட்டுப்போகும்.

அப்புறம் டீ. நீங்கள் கேட்காத டீ என்கிறீர்கள். அந்தச் சாப்பாட்டுக்கே ‘யம் சா’ என்றுதான் பெயர். டீ குடிப்பது என்று பொருள். கூடையில் வரும் டிம் சம் என்ற சின்னச் சின்னப் பலகாரங்கள் எல்லாம் அதற்குத் துணை. ஒரு கிண்ணம் டீ, இரண்டு பலகாரம் என்பது பழைய தேநீர்க்கடைக் கணக்கு. ஆகவே உட்கார்ந்ததும் என்ன டீ என்றுதான் கேட்பார்கள். போ லெய், மல்லிகை, தித் குன் யாம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லவேண்டும். தலைக்கு இவ்வளவு என்று போடுவது டீக்கும் சேர்த்து நாற்காலிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். (அவர்களுடைய ‘சா’தான் ஊர் ஊராகச் சுற்றி நம்மிடம் சாயாவாக வந்தது. தேயிலையில் இருக்கும் ‘தே’ சீனாவின் இன்னொரு கரையிலிருந்து, ஃபூஜியன் துறைமுகங்களின் பேச்சிலிருந்து கப்பலேறியது.)

முதலில் வரும் சூடான டீயில் கோப்பை, கிண்ணம், குச்சி எல்லாவற்றையும் சாப்பிட வருகிறவர்களே அலசி, நடுவில் வைத்திருக்கும் பெரிய கிண்ணத்தில் ஊற்றுவார்கள். யாரும் அவமானமாக நினைப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் உங்கள் கோப்பையை நிரப்பினால் இரண்டு விரலால் மேஜையைத் தட்டவேண்டும், அதுதான் நன்றி. மாறுவேடத்தில் ஊர் சுற்றிய சீனப் பேரரசர் சியன்லுங் தன் ஆளுக்கு டீ ஊற்றியதாகவும், விழுந்து கும்பிட்டால் குட்டு உடைந்துவிடும் என்று அவன் விரலை மடக்கி மேஜையில் தட்டியதாகவும் ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் நல்ல கதை. கெண்டியில் டீ தீர்ந்துவிட்டால் கூப்பிட வேண்டாம். மூடியைச் சற்றுத் திறந்து சாய்த்து வையுங்கள். அந்த டொக் அம்மாவே வந்து வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவார். அவர் உங்களைக் கவனிக்கவில்லை என்று நினைத்தீர்கள். அவர் கண் முழுக்க மூடிகள் மேல்தான் இருந்திருக்கும். கூப்பிட்டே ஆகவேண்டும் என்றால் ‘ம்கோய்’ என்று சத்தமாகச் சொல்லவேண்டும். தயவுசெய்து, நன்றி, கொஞ்சம் நகருங்கள், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான்.

மீன் விஷயத்தில் உங்களோடு சண்டை போடத்தான் போகிறேன். முள்ளருகே வேகவில்லை என்று நீங்கள் தள்ளிவைத்த அந்த இடம்தான் சமையல்காரரின் கைவரிசை. மேலே இருக்கும் சதை வெந்து, முள்ளோடு ஒட்டியிருக்கும் சதை அப்போதுதான் வெந்தும் வேகாமலும் இருக்கவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தொட்டியில் நீந்திக்கொண்டிருந்த களவாவைப் பிடித்து, அரைக் கிலோ சுமார் இருந்தால் ஏழெட்டு நிமிடம் ஆவியில் வைப்பார்கள். இறக்கியதும் இஞ்சி, வெங்காயத்தாள் நறுக்கிப் போட்டு, புகைய புகையக் காய்ச்சிய எண்ணெயை மேலே ஊற்றுவார்கள். சுர்ரென்று ஒரு சத்தம் வரும். ஓரத்தில் கொஞ்சம் சோயா. அவ்வளவுதான். ஒரு நிமிடம் கூடினால் சதை பஞ்சாகிவிடும், பிறகு எந்த மசாலாவாலும் காப்பாற்ற முடியாது. நம்முடைய மீன்குழம்பில் நேற்றைய மீனும் தேறிவிடும், இன்னும் சொன்னால் நேற்றைய குழம்புதான் ருசி. இவர்களுடையதில் மீன் உயிரோடு இருந்ததா என்பது நாக்குக்குத் தெரிந்துவிடும். அந்தப் புத்தம்புது இனிப்புக்கு ‘சின்’ என்று பெயர். காரத்தைத் தேடிப் போகும் நாக்குக்கு அது முதல் தடவை பிடிபடாது. எனக்கு ஒரு மாதம் ஆனது. நாம் இங்கே சைனீஸ் என்று சாப்பிடுவது பெரும்பாலும் கல்கத்தாச் சீனர்கள் நம் நாக்குக்காக மாற்றிய சமையல். நாலு பேரும் அந்த நினைப்போடுதான் மீனைத் தொட்டிருப்பீர்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வேலைக்குப் போன புதிதில், ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) மீன் 48 ஹாங்காங் டாலர் என்று சுவரில் எழுதியிருந்தது. மலிவாக இருக்கிறதே என்று நண்பர்களுக்கு நான்தான் வாங்கித் தருவேன் என்று அடம்பிடித்தேன். அது ஒரு லேயுங்குக்கு விலை. லேயுங் என்றால் 38 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. பதினாறு சேர்ந்தால் ஒரு கான், அதாவது 605 கிராம். எங்கள் மீன் 18 லேயுங். 864 டாலர். பில்லைப் பார்த்ததும் எனக்கும் இந்தியன் என்பதால் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. பக்கத்து மேஜைக்காரர் சுவரில் இருந்த அந்தச் சின்ன எழுத்தை விரலால் காட்டினார்.

உங்கள் நண்பருக்கு: அந்தக் கீரையின் மேல் பெரும்பாலும் சிப்பியில் செய்த சாஸ் இருந்திருக்கும். கண்டோனீஸ் சமையலில் பன்றி இல்லாத கூடையைத் தேடுவது கஷ்டம்தான், இறால் கொழுக்கட்டையான ஹார் காவில்கூடக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. வான் சாய் பகுதியில், ஓய் க்வான் சாலையில் இருக்கும் மசூதிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடிக்கு அவரை அனுப்புங்கள். அங்கே உள்ள கேன்டீனில் ஹலால் டிம் சம் கிடைக்கும். இரத்தின வியாபாரத்துக்காகப் போய்க் குடியேறிய காயல்பட்டினத்துக்காரர்கள் உண்டு அந்த ஊரில், அவர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள்.

தட்டைச் சீக்கிரம் எடுத்தது எனக்கும் பிடிக்காது. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

மறுபடி போனால் ஒரு மணிக்குப் போகாதீர்கள். இரண்டரை மணிக்கு மேல் போனால் கூட்டம் வடிந்திருக்கும், பல கடைகளில் டிம் சம் விலையும் குறையும். சென்ட்ரலிலேயே உட்கார்ந்து பேசவேண்டும் என்றால் ஸ்டான்லி தெருவில் லுக் யூ தேநீர் இல்லம் இருக்கிறது. 1933இல் தொடங்கியது, தேநீரைப் பற்றி நூல் எழுதிய தாங் வம்சக் காலத்துச் சீன அறிஞரின் பெயர். மரச் சுவர், மின்விசிறி, தடுப்பு போட்ட இருக்கைகள். விலை கொஞ்சம் கடிக்கும். காலையில் ஏழு மணிக்கே பத்திரிகையோடு வந்து உட்காரும் வாடிக்கையாளர்களைப் பார்க்கவே போகலாம்.

மீன் சொல்வதற்கு முன் மட்டும், மேஜையில் யாராவது பெரியவர் இருந்தால் ‘ம்கோய்’ சொல்லி, சுவரில் இருக்கும் விலை எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.