மகாபலிபுரம் போதும், வேறு எங்கே போகலாம்?

கேள்வி: மகாபலிபுரம், முட்டுக்காடு, வண்டலூர் எல்லாம் பலமுறை போயாகிவிட்டது. காலையில் கிளம்பி ராத்திரிக்குள் சென்னை திரும்புகிற மாதிரி, கூட்டமில்லாத இடம் சொல்லுங்கள். பிள்ளைகள் ஆறாவதும் எட்டாவதும் படிக்கிறார்கள்.
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம், உத்திரமேரூர். குடவோலை முறை என்று பாடப் புத்தகத்தில் நாலு வரி படித்து, பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோமே, அந்தக் கல்வெட்டு அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் கண்ணுக்கு நேராக இருக்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. வாரியத்துக்கு, அதாவது ஊர் நிர்வாகக் குழுவுக்கு, வருபவருக்கு வயது 35க்கு மேல் 70க்குள், வரி கட்டுகிற கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவுக்காரர்களும் பக்கத்திலேயே வரமுடியாது. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளைச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தி எழுத்து தேடச் சொல்லுங்கள். ‘ட’வும் ‘ப’வும் சட்டென்று பிடிபடும், அப்புறம் அவர்களை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். காஞ்சிபுரம் வரை பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்கள் இங்கே எட்டிப் பார்க்காமலே திரும்புவது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமைதான். அதே ஊரில் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலில் பெருமாள் மூன்று தளங்களில் நின்று, அமர்ந்து, கிடந்து காட்சி தருகிறார். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். செங்கல்பட்டு வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரும் தங்கை குடும்பம் மகாபலிபுரம்தான் வேண்டும் என்கிறது. அங்கேயே பார்க்காத இடம் ஏதாவது மிச்சம் உண்டா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: இருக்கிறது. ஊருக்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகையோடு படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள், நீங்கள் இன்னும் கொஞ்சம் நடந்து முருகன் கோயிலுக்குப் போங்கள். 2004 சுனாமி மணலை அரித்துக் கல்வெட்டுள்ள பாறையை வெளியே காட்ட, தொல்லியல் துறை அடுத்த வருஷம் தோண்டியதில் வந்தது இது. கீழே செங்கல் கோயில், அதன்மேல் பல்லவர் காலத்துக் கல் கட்டுமானம், முன்னால் கல்லில் ஒரு வேல். செங்கல் பகுதி சங்க காலத்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். வெயிலுக்கு முன்னால் போவது நல்லது.

கேள்வி: பழவேற்காட்டில் படகு சவாரி போகலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள், சிறு குழந்தைகள் உட்பட. யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். கரையிலேயே பார்க்க நிறைய உண்டு. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள் நிற்கும், உள்ளே கல்லறைப் பலகைகளில் டச்சு எழுத்துகளைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிற நேர்த்தியைக் குனிந்து பாருங்கள். 1613இல் அவர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இப்போது புதர் மண்டிய மேடுதான், அதற்காக மெனக்கெட வேண்டாம். பூநாரை பார்க்க ஆசை என்றால் மார்கழி, தையில் போங்கள். பொன்னேரி வரை ரயில், பிறகு பஸ்.