விலை கூடிய ஊசிதான் நல்ல ஊசியா?

கேள்வி: நண்டு வலை எடுக்கும்போது என் வீட்டுக்காரர் காலில் திருக்கை முள் குத்திவிட்டது. தனியார் மருத்துவமனையில் மெரோபெனம் ஊசி போட்டே என் வளையல் அடகுக்குப் போனது. பெரியாஸ்பத்திரியில் சீழைப் பரிசோதித்துவிட்டு டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு மலிவான மருந்து கேட்குமா?
- ஒரு வாசகி, தொண்டி

பதில்: கேட்கும், தங்கச்சி. கடல் தண்ணீரில் வாழும் விப்ரியோ கிருமிகளுக்கு டாக்சிசைக்ளின் நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் மருந்து. சீழில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை பலமான ஊசி போடுவது தப்பில்லை. முடிவு வந்தபின்னும் அதையே தொடர்வதுதான் வீண். மெரோபெனத்தை வழக்கமாக 8 மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும். குப்பி விலையோடு படுக்கை, சிரிஞ்சு, ஊசி போட ஆள் எல்லாம் சேரும்.

இந்தக் கடற்கரையில் அரசு மருந்தாளுநராக இருந்தவன் நான். சின்ன ஆஸ்பத்திரி அலமாரியில் இந்தக் குப்பிகள் கொஞ்சம்தான் நிற்கும். தேவைப்படாதவருக்குப் போகும் ஒவ்வொன்றும், ரத்தத்தில் கிருமி ஏறிய பச்சைக்குழந்தைக்கு இல்லாமல் போகிறது. உலக சுகாதார நிறுவனமும் டாக்சிசைக்ளினை முதலில் எடுக்க வேண்டிய வரிசையிலும், மெரோபெனத்தைக் கண்காணித்துக் கொடுக்க வேண்டிய வரிசையிலும்தான் வைத்திருக்கிறது.

மாத்திரையை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள். உடனே படுக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட் மருந்து கூடவே வேண்டாம். வெயிலில் தோல் பொரியலாம், ஆகவே மாத்திரை சாப்பிடும் நாட்களில் வள்ளத்துக்குப் போக வேண்டாம். மருத்துவர் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். வீக்கம் மேலேறினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கறுத்த கொப்புளம் வந்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் அந்த ராத்திரியே கிளம்புங்கள்.