விண்வெளி வீரர்களுக்குத் துணிச்சல் போதாதா, உளவியல் எதற்கு?

துணிச்சல் புறப்படும் நாளுக்கு உதவும். நாற்பதாம் நாள், பக்கத்துப் படுக்கைக்காரர் தொண்டையைக் கனைக்கும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள அது உதவாது.

வீடு பினாங்கு ஜெலுத்தோங்கில் என்றாலும், ஒன்பது ஆண்டுகள் தென்சீனக் கடலின் எண்ணெய் மேடைகளில் வேலை பார்த்தவன் நான். நான்கு வாரம் கடல், நான்கு வாரம் வீடு. மூன்றாவது வாரம் வந்துவிட்டால் எங்களுக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். கோலாலம்பூர் அலுவலகத்திலிருந்து தினமும் அறிக்கை கேட்கும் அதிகாரிதான் அகப்படுவார். கோழிக்கறியில் உப்புக் குறைந்ததற்குக்கூட அவரைத் திட்டியிருக்கிறோம். உண்மையில் அது அறைத்தோழர் மேல் வந்த கோபம். அவரிடம் காட்டிவிட்டு அன்றிரவு அதே அறையில் எப்படித் தூங்குவது?

மிர் விண்வெளி நிலையத்தில் இருந்தவர்களை ஆராய்ந்த நிக் கானஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் இதைத்தான் கண்டார்: குழுவுக்குள் இருக்கும் இறுக்கம் தரைக்கட்டுப்பாட்டு மையத்தின் மேல் திரும்புகிறது. நம் மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் 2007இல் போய்வந்தது பதினொரு நாள்தான். அது விருந்தாளிக் கணக்கு. அதற்குள் யாருக்கும் யாரும் கசப்பதில்லை.

1973 நவம்பரில் ஸ்கைலேப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்துக்குச் சென்ற ஜெரால்ட் கார், கிப்சன், போக் மூவருக்கும் அதுவே முதல் விண்வெளிப் பயணம். 84 நாள் இருந்தார்கள். தரையில் இருந்தவர்களோ, பழகிக் கைதேர்ந்திருந்த முந்தைய குழுவின் வேகத்தை இவர்களிடம் முதல் நாளிலிருந்தே எதிர்பார்த்து வேலையை அடுக்கினார்கள். மனக்கசப்பு வளர்ந்தது. டிசம்பர் இறுதியில் இரு தரப்பும் வெளிப்படையாகப் பேசித் தீர்த்தார்கள். சில்லறை வேலைகளைத் தங்கள் வசதிப்படி செய்துகொள்ள வீரர்களுக்கு இடம் கிடைத்தது. வேலையும் ஒழுங்காக நடந்தது. இதை வேலைநிறுத்தம் என்று எழுதுகிறவர்கள் கதை கட்டுகிறார்கள்.

செவ்வாய்ப் பயணத்தில்தான் சிக்கல். அங்கிருந்து ஒரு சொல் பூமிக்கு வந்துசேர 22 நிமிடம் வரை ஆகும். திட்டினால் பதில் வர முக்கால் மணி நேரம்! அப்படிப்பட்ட எதிராளியோடு சண்டை பிடிக்க முடியுமா? கோபம் பக்கத்துப் படுக்கைக்கே திரும்பிவிடும் என்பதுதான் என் பயம்.

மாஸ்கோவில் 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை ஆறு பேரை 520 நாள் அடைத்துவைத்து, அந்தத் தாமதத்தையும் செயற்கையாகக் கொடுத்துச் சோதித்தார்கள். பெரிய சண்டை இல்லை. சிலருக்குத் தூக்கம்தான் கெட்டது. ஆனாலும் நான் அதை முழுதாக நம்பவில்லை. கதவைத் தட்டினால் வெளியே மாஸ்கோ இருக்கிறது என்று அந்த ஆறு பேருக்கும் தெரியும். எங்களுக்கும் அப்படித்தான், ஹெலிகாப்டர் வரும் தேதி தெரியும்.